பதினேழு டாலர் ரிவால்வர்

துப்பாக்கியின் காலம் – பகுதி 14

1873ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்தின் கடைநிலைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். அதே ஆண்டில் அந்த ராணுவம் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து கோல்ட் நிறுவனத்திடம் 8,000 ரிவால்வர்கள் கேட்டு ஒப்பந்தம் போட்டது. ஒன்றின் விலை 13 டாலர். குதிரைப்படை வீரனின் இடுப்பில் தொங்கியது அவனுடைய ஒரு மாதச் சம்பளம்.

அது ராணுவத்துக்கு மொத்தமாகக் கொடுத்த விலை. கடைக்குப் போய் ஒருவர் தனியாக வாங்கினால் ஏறத்தாழ 17 டாலர் ஆயிற்று. ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ என்பது அதன் முறையான பெயர். மக்கள் வாயில் ‘பீஸ்மேக்கர்’. டெக்ஸாஸில் மாடு ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு மாதம் 25 முதல் 40 டாலர் வரை கிடைத்த காலம் அது. பாதி மாதத்துச் சம்பளத்தை எண்ணிவைத்துத்தான் ஒரு கோல்ட் வாங்க முடியும். சினிமாவில் வருவதுபோல இடுப்புக்கு இரண்டு என்று மாட்டிக்கொண்டு திரிவது பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும் காரியமாக இருக்கவில்லை.

கோல்ட் தொழிற்சாலை எப்படி எழும்பியது என்பதைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். இந்தப் பகுதி முழுவதும் விலையைப் பற்றியது. பழைய துப்பாக்கி என்று பேச்செடுத்ததுமே எவருக்கும் எழும் கேள்வி, “அன்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு?” என்பதுதான். பதிலைக் கேட்டு வாய்பிளப்பதும் வழக்கம். 17 டாலருக்கு விற்றது இன்று 5,000 டாலர், 10,000 டாலர் என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மலைப்பில் பெரும்பகுதி கணக்குப் பிழை. அன்றைய டாலரும் இன்றைய டாலரும் ஒரே நாணயம்போல நாம் பேசிவிடுகிறோம்.

அமெரிக்க அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு 1913ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய விலைகளைத் தங்கத்திலும் கூலியிலும் அளப்பதே நம்பகமானது. உள்நாட்டுப் போரின்போது அச்சடித்த காகிதப் பணத்தை அமெரிக்கா 1879இல் மறுபடி தங்கத்தோடு இணைத்தது. ஓர் அவுன்ஸ் தங்கம் 20 டாலர் 67 சென்ட். ஆகவே 1880இல் ஒருவர் 17 டாலர் கொடுத்து கோல்ட் வாங்கினார் என்றால், அவர் கொடுத்தது ஏறக்குறைய இருபத்தைந்தரை கிராம் தங்கம். நம் வழக்கில் சொன்னால் மூன்று சவரனுக்குக் கொஞ்சம் மேலே. 2024ஆம் ஆண்டின் சராசரி விலையில் அந்தத் தங்கத்தின் மதிப்பு 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அதே ரிவால்வரைக் கோல்ட் நிறுவனம் அண்மைக்காலம் வரை புதிதாகவே செய்து விற்றது. அதன் பட்டியல் விலையும் 2,000 டாலரை ஒட்டித்தான். அமெரிக்க ராணுவத்தின் கடைநிலைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 2024இல் மாதம் 2,017 டாலர்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் சிப்பாயின் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரு கோல்ட்! துப்பாக்கியின் விலை எகிறவில்லை. டாலர்தான் தேய்ந்து போயிற்று. இதைப் புரிந்துகொண்டால்தான் ஏல மண்டபங்களில் கேட்கும் தொகைகளில் எது வெறும் பணவீக்கம், எது உண்மையான ஏற்றம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அன்றைய விலையும் ஒரே விலையாக நின்றதில்லை. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது கோல்ட் தன் ‘1860 ஆர்மி’ ரிவால்வருக்கு அரசிடம் 25 டாலர் வாங்கிக்கொண்டிருந்தது. போரை வைத்து வியாபாரிகள் கொள்ளையடிக்கிறார்கள் என்ற புகார் எழ, 1862இல் ஒப்பந்தங்களை ஆராய ஒரு குழுவை நியமித்தார்கள். கோல்ட் விலை 14 டாலர் 50 சென்ட்டுக்கு இறங்கியது. ரெமிங்டன் அதற்கும் கீழே, 12 டாலர் அளவில் கொடுத்தது. 1864 பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்த பிறகு அரசின் கொள்முதல் ரெமிங்டன் பக்கம் சாய்ந்தது. உருளைக்கு மேலேயும் இரும்புச் சட்டம் ஓடியதால் ரெமிங்டனின் கட்டுமானம் கோல்ட்டைவிட உறுதியானது. ஆனாலும் இன்றைய சந்தையில், ஒரே அளவு தேய்ந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் கோல்ட்டுக்குத்தான் கூடுதல் விலை கிடைக்கிறது. போர்க்களத்தில் எது நன்றாக உழைத்தது என்பதைச் சேகரிப்பாளர் பார்ப்பதில்லை. பெயரைப் பார்க்கிறார்.

எல்லாப் பழைய துப்பாக்கிக்கும் விலை ஏறிவிடும் என்ற எண்ணமும் தவறு. அந்தக் காலத்தில் கோல்ட்டுக்கு ஒரு பங்கு விற்றால் மலிவு ரிவால்வர்கள் பல பங்கு விற்றன. இரும்புக்கடைகளில் ஆணி, பூட்டுகளோடு கிடந்தன. அஞ்சல் வழி விற்பனைப் பட்டியல்களில் குடை, கடிகாரத்தோடு அச்சாகின. 1901 செப்டம்பரில் பஃபலோ நகரத்தில் லியான் சோல்கோஷ் என்பவன் நாலரை டாலர் கொடுத்து ஐவர் ஜான்சன் கம்பெனியின் .32 ரிவால்வர் ஒன்றை வாங்கினான். சில நாளில் குடியரசுத் தலைவர் மெக்கின்லியை அதைக் கொண்டுதான் சுட்டான். அந்த ஒன்று அதே நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உடன்பிறப்புகள், அதே அச்சில் வார்த்த லட்சக்கணக்கான மலிவு ரிவால்வர்கள், இன்றும் ஓரிரு நூறு டாலருக்குச் சீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. பணத்தின் தேய்மானத்தைக் கழித்துப் பார்த்தால் அவற்றை நூறாண்டு பாதுகாத்த குடும்பங்களுக்கு லாபம் என்று ஒன்றுமே இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த விலைக்கதை அதுதான். 1942 கோடையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ‘கைட் லாம்ப்’ பிரிவு, கார் விளக்குகள் செய்த இடம், இண்டியானாவின் ஆண்டர்சன் நகரத்தில் பத்து லட்சம் பிஸ்டல்களைச் சில மாதங்களில் தகரத்தை அழுத்தி அடித்துத் தள்ளியது. பெயர் ‘லிபரேட்டர்’. ஒற்றைத் தோட்டா, வரிப்பள்ளம் இல்லாத குழல். சுட்டபின் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ள ஒரு மரக்குச்சி. எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ள வசதியாக, ஓர் எழுத்துகூட இல்லாமல் படங்களாலேயே ஆன ஒரு விளக்கத்தாள். எதிரி பிடித்த நாடுகளில் விமானத்திலிருந்து இதைத் தூவி, மக்கள் கையில் ஆயுதம் கொடுப்பது திட்டம். ஒன்றுக்கு ஆன செலவு இரண்டு டாலருக்குச் சற்று மேலே. இன்றைய பணத்தில் சுமார் 40 டாலர். திட்டம் பெரிதாக நடக்கவில்லை; பெட்டிபெட்டியாகக் கிடங்கில் தூங்கியவற்றைப் போருக்குப் பின் உருக்கிவிட்டார்கள். அதனாலேயே மிஞ்சியதற்குக் கிராக்கி. இன்று நல்ல நிலையில் உள்ள லிபரேட்டர் ஒன்று சில ஆயிரம் டாலர். அட்டைப் பெட்டியும் மரக்குச்சியும் படத்தாளும் சேர்ந்து இருந்தால் விலை இன்னும் மேலே. குப்பையில் போகட்டும் என்று செய்த தாளுக்குத் தனி விலை! உலகத்திலேயே மட்டமாகச் செய்த பிஸ்டல்களில் ஒன்று, விலையேற்ற விகிதத்தில் மிக நேர்த்தியானவற்றை முந்திவிட்டது.

நேர்த்தியானவற்றில் ஒன்றைப் பார்ப்போம். 1935இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டது. விலை 60 டாலர். அந்நாளில் அமெரிக்காவில் விற்ற மிக விலையுயர்ந்த ரிவால்வர்களில் அது ஒன்று. வாங்குபவர் கேட்ட நீளத்தில் குழல், கேட்ட வகையில் குறிமுள், அவர் பெயரில் ஒரு பதிவுச் சான்றிதழ். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாட்டில் இதை யார் வாங்குவார் என்று நினைத்திருப்பார்கள். கம்பெனியால் செய்து மாளவில்லை. சில ஆண்டில் பதிவுச் சான்றிதழையே நிறுத்தும்படி ஆயிற்று. அந்த 60 டாலர் 2024இன் பணத்தில் 1,370 டாலர் அளவு. பதிவுச் சான்றிதழ் காலத்து ரிவால்வர் இன்று அதைப்போலப் பல மடங்கு விலை போகிறது. சான்றிதழ்த் தாளும் கூடவே தப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கோல்ட் கம்பெனியின் ‘பைத்தான்’ கதையும் இதே வகைதான். 1955இல் 125 டாலருக்கு வந்தது. உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் கைதேர்ந்த தொழிலாளர்கள் அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். வெளியே கண்ணாடிபோலப் பளபளக்கும் கருநீல மெருகு. கூலி ஏற ஏற அப்படிச் செய்வது கட்டுப்படியாகாமல் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கைவிட்டார்கள். விட்டதுதான் தாமதம், பழைய பைத்தானின் விலை ஏறத் தொடங்கிற்று. ‘தி வாக்கிங் டெட்’ தொடரில் நாயகன் கையில் அது இருந்ததும் சேர்ந்துகொண்டது. 2020இல் கோல்ட் அதைப் புது எந்திரங்களில், புது வடிவமைப்பில் மறுபடி கொண்டுவந்தபோது வைத்த விலை 1,499 டாலர். 1955இன் 125 டாலரைப் பணவீக்கத்தோடு பெருக்கினால் வருவது 1,200 டாலர் அளவு. இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் நன்றாகப் பாதுகாத்த பழைய பைத்தானுக்கு 3,000 டாலர், அதற்கும் மேலே கேட்கிறார்கள். இந்தக் கூடுதல் தொகை, இனி எவரும் செய்யப்போவதில்லை என்று தெரிந்துபோன கைவேலைக்கான விலை.

17 டாலர் என்ற எண் இன்னொரு முறையும் வருகிறது. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, தன் கையிருப்பில் இருந்த எம்1911 ரக .45 பிஸ்டல்களைத் துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர்களுக்கு 17 டாலர் அளவில் விற்றது. இரண்டு உலகப்போர் கண்ட பிஸ்டல். 2018இல் அதே அரசுக் கையிருப்பிலிருந்து அதே ரக பிஸ்டல்கள் மறுபடி விற்பனைக்கு வந்தன. இம்முறை தேய்ந்துபோனதற்கு 850 டாலர், நல்லதற்கு 1,050 டாலர். முந்தைய 17 டாலர் 2018இன் பணத்தில் வெறும் 144 டாலர். கையிருப்பும் ஒன்று, பொருளும் ஒன்று, பணவீக்கத்தைக் கழித்த பிறகும் ஆறேழு மடங்கு ஏற்றம். காரணம், 1960இல் அது கழித்துக்கட்டிய ராணுவச் சாமான். 2018இல் அது தாத்தா போரில் ஏந்திய ஆயுதம். நடுவில் அந்தப் போர்வீரர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். பொருளின் மதிப்பை ஏற்றியது அவர்களின் இழப்பு என்றே நான் எண்ணுகிறேன்.

இதே எம்1911 ரகத்தில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. நம் வீடுகளில் தையல் எந்திரமாக அறிமுகமான சிங்கர் நிறுவனம், போருக்கு முன்னோட்டமாக 500 பிஸ்டல்கள் செய்துகொடுத்தது. வேலைத்திறன் அருமையாக இருந்தும் அதற்குமேல் செய்யச் சொல்லவில்லை. இவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறவர்களை விமான எதிர்ப்பு பீரங்கிகளின் குறிபார்க்கும் கருவிகள் செய்யப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசு முடிவெடுத்துவிட்டது. அந்த 500இல் ஒன்று 2017இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 4,14,000 டாலருக்குப் போயிற்று. ஒரே வரைபடத்தில் செய்த இரண்டு பிஸ்டல்கள். மேல்சட்டத்தில் பொறித்த பெயர் மட்டும் வேறு.

சட்டமும் விலையை எழுதுகிறது. கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்புவதை அமெரிக்கா 1927இல் தடுத்தது. தனியார் பார்சல் வழி மட்டும் திறந்தே இருந்தது. குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்ற லீ ஹார்வி ஆஸ்வால்ட் அந்த வழியாகத்தான், 29 டாலர் 95 சென்ட்டுக்கு, போர்க்காலத்து ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர் ஒன்றைப் பொய்ப் பெயரில் வரவழைத்தான். 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தக் கதவையும் மூடியது. வெளிநாட்டு ராணுவங்களின் பழைய கைத்துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்து குவிவதும் நின்றது. அதுவரை மலிவு விலைக்குச் சீரழிந்த வெப்லி போன்ற ரிவால்வர்களுக்கு அதற்குப் பிறகுதான் மரியாதை வந்தது. அதே சட்டம் 1898ஆம் ஆண்டு வரை செய்தவற்றை ‘பழம்பொருள்’ என்று வகுத்து, உரிமம் பெற்ற வியாபாரி இல்லாமலே கைமாற அனுமதித்தது. விளைவு, 1898இல் செய்த கோல்ட்டுக்கும் 1899இல் செய்த கோல்ட்டுக்கும் நடுவே ஒரு விலைக்கோடு விழுந்துவிட்டது. செய்த ஆலை ஒன்று, கைகள் ஒன்று, உருக்கு ஒன்று.

ஒரு பழைய கோல்ட்டை மதிப்பிடுகிறவர் எங்கே பார்க்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் அவர் சுடும் பாகங்களை விட்டுவிட்டுத் திருகாணிகளைப் பார்ப்பார். ஆணித்தலையின் பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிறகு சட்டத்தின் விளிம்புகள். ஆலையில் மெருகிட்டபோது கூர்மையாக விட்ட ஓரம், பின்னாளில் மறுமெருகு போட்டவரின் சாணைச் சக்கரத்தில் மழுங்கியிருக்கும். திருகாணித் துளைகளின் வாய் புனல்போல அகன்றிருக்கும். குழலின் மேல் பொறித்த எழுத்துகள் ஆழம் குறைந்து மங்கியிருக்கும். பிறகு சட்டம், விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை என மூன்று இடத்திலும் வரிசை எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வயதாகிப் பழுப்பேறிய பழைய மெருகு அசிங்கமாகத் தெரிந்தாலும் அதைத் தொடக்கூடாது. தாத்தாவின் ரிவால்வரைப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் நல்ல விலை வரும் என்று எண்ணி, நல்லெண்ணத்தோடு மெருகிட்டு, அதன் மதிப்பில் பாதிக்கு மேல் ஒரே மாலையில் அழித்த பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கடைசியாக, கதைக்கு விழும் விலை. இங்கேதான் எனக்கு மனம் ஒப்பாத இடமும் வருகிறது.

1873 ஜூலை 10ஆம் தேதி காலை, பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மோன்டிஞி என்ற துப்பாக்கிக் கடையில் பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே ரிவால்வர் ஒன்றை 23 பிராங்குக்கு வாங்கினார். தங்கக் கணக்கில் ஒரு சவரனுக்கும் குறைவு. அன்று பிற்பகல், தன்னைவிட்டுப் பிரியப்போவதாகச் சொன்ன இளங்கவிஞர் ஆர்தர் ரிம்போவை நோக்கி இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது. வெர்லேனுக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை. ரிம்போ அந்த ஆண்டே ‘நரகத்தில் ஒரு பருவம்’ நூலை வெளியிட்டார். போலீசார் கைப்பற்றிய துப்பாக்கி பின்னர் கடைக்கே திரும்பி, அங்கிருந்து தனியார் கைக்குப் போனது. 2016இல் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 4,34,500 யூரோவுக்கு விற்றது. அதே ரகத்தில், அதே காலத்தில் செய்த பேரில்லாத லெஃபோஷே ஒன்றைச் சில நூறு யூரோவுக்கு இன்றும் வாங்கலாம். மீதித் தொகை அத்தனையும் அந்த ஒரு பிற்பகலுக்குக் கொடுத்தது.

முன்னே சொன்ன ஆஸ்வால்டை ஜாக் ரூபி என்பவர் சுட்டுக்கொன்ற கோல்ட் கோப்ரா ரிவால்வர் 1960இல் டாலஸில் 62 டாலர் 50 சென்ட்டுக்கு வாங்கியது. 1991 ஏலத்தில் 2,20,000 டாலர். பணவீக்கம் மட்டும் என்றால் 300 டாலரைக்கூடத் தொட்டிருக்காது. கவிஞர்களின் சண்டைக்கு ஒருவர் பணம் கொடுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதில் இருவரும் பிழைத்தார்கள். ஒருவனைத் தொலைக்காட்சியின் முன் கொன்ற கருவிக்குக் கொடுப்பது, கொலைக்கே பரிசு கொடுப்பதுபோல என்னை உறுத்துகிறது. இத்தகைய ஆயுதங்கள் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவை, ஏலமேடையில் ஏறக்கூடாதவை.

இந்த வரிசையின் உச்சம் 2021 ஆகஸ்டில் வந்தது. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் ஷெரிஃப் பேட் கேரெட், பில்லி தி கிட் என்ற இளங்கொள்ளையனைச் சுட்டுக்கொன்ற கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன். போன்ஹாம்ஸ் ஏலத்தில் அதன் விலை 60 லட்சம் டாலரைத் தாண்டியது. 17 டாலர் ரிவால்வர், மூன்றரை லட்சம் மடங்கு. இத்தனை பணம் கொடுத்தவர் இதுதான் அந்தத் துப்பாக்கி என்று எப்படி நம்பினார்? கேரெட் அதை எல் பாசோவில் மதுக்கடை நடத்திய நண்பர் ஒருவரிடம் காட்சிக்கு வைக்கக் கொடுத்திருந்தார். 1908இல் கேரெட் சுட்டுக்கொல்லப்பட்டார். கடைக்காரரும் பிற்பாடு காலமானார். அவருடைய சொத்தோடு துப்பாக்கியும் போகவிருந்தபோது கேரெட்டின் மனைவி அப்போலினாரியா நீதிமன்றம் போனார். அது தானமாகக் கொடுத்ததல்ல, பார்வைக்குக் கொடுத்தது என்று வழக்காடி 1934இல் திரும்பப் பெற்றார். வரிசை எண் 55093. கணவரின் நினைவுப்பொருளை மீட்கப் போராடிய ஒரு விதவையின் வழக்குக் காகிதங்கள்தான், கைமாறிய வரலாற்றில் ஓட்டை விழாமல் காத்து, எண்பத்தேழு ஆண்டு கழித்து அந்த விலைக்கு அடித்தளமாக நின்றன.

காகிதம் இவ்வளவு பெறுமென்றால் காகிதத்தையும் முத்திரையையும் திருத்துகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் தளபதி கஸ்டரோடு மடிந்த ஏழாம் குதிரைப்படை வீரர்களிடம் இருந்த கோல்ட்டுகளைப் பரிசோதித்தவர் ஆர்வில் ஐன்ஸ்வர்த் என்ற அரசு ஆய்வாளர். அவருடைய முதலெழுத்துகள் பதிந்த ரிவால்வர் என்றால் விலை பல மடங்கு. அந்த எழுத்துகளைப் புதிதாகப் பொறித்தவர்களும், அவர்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பிடித்தவர்களும் அடுத்த பகுதியில்.

(தொடரும்)